தங்கக் கடிகாரம், பொன்னான வாய்ப்பு: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் எங்கே, பெயரடை எங்கே?

2011 ஏப்ரல் 2ஆம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் பயிற்சியாளராக இருந்தவர் கேரி கிர்ஸ்டன், தென்னாப்பிரிக்காக்காரர். கவனமாக எழுதும் ஆங்கிலக் கிரிக்கெட் செய்தியாளர் அவரை ‘இந்தியா கோச்’ என்று எழுதுவார். ‘இந்தியன் கோச்’ என்று எழுத மாட்டார். 2017 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு டெஸ்ட் தகுதி கிடைத்த நேரத்தில் அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் லால்சந்த் ராஜ்புத், மும்பைக்காரர். அன்றைக்கு அவர் ‘இந்தியன் கோச்’. ‘இந்தியா கோச்’ அல்ல. இரண்டு தொடர்களுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்து. முதலாவது, எந்த அணிக்குப் பயிற்சியாளர் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அவர் எந்த நாட்டுக்காரர் என்பதைச் சொல்கிறது.

ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல்லை அடையாக வைக்க ஆங்கிலத்தில் இப்படி இரண்டு வழி உண்டு. பெயர்ச்சொல் ஒன்றை அப்படியே கொண்டுவந்து நிறுத்தலாம்: ‘ஹிஸ்டரி டீச்சர்’. அல்லது அதிலிருந்து பிறந்த பெயரடையை வைக்கலாம்: ‘ஹிஸ்டாரிக்கல் நாவல்’. எங்கே எதை வைப்பது என்று நம் பள்ளி இலக்கண நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பெயர்ச்சொல்லை விவரிக்கும் சொல் பெயரடை என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை நம்பிய மாணவர், பெயருக்கு முன்னால் எது வந்தாலும் அது பெயரடையாக இருந்தாக வேண்டும் என்று எண்ணி ‘மியூசிக்கல் டீச்சர்’ என்று எழுதுகிறார். தொடரில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலம் அறிந்தவருக்கு அது பாட்டு வாத்தியாரைக் காட்டாது. இசை ஞானம் உள்ள ஓர் ஆசிரியரைக் காட்டும். அவர் கணக்கு வாத்தியாராகக்கூட இருக்கலாம்.

மொழியியலாரும் நடைநூல் எழுதியவர்களும் இந்தக் கேள்வியை நீண்ட காலமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றையும் வழக்கில் உள்ளவற்றையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது: அடையாக நிற்கும் பெயர்ச்சொல் ஒரு பொருளின் இனத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெயரடை இனம் சொல்லத் தொடங்கினாலும் நாளடைவில் குணம் சொல்லும் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வைப் புரிந்துகொண்டால், தனித்தனி விதிவிலக்குகளாகத் தோன்றுகிற பலவும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

தங்கத்திலிருந்தே தொடங்கலாம். கையில் கட்டுவது ‘கோல்ட் வாட்ச்’. கூந்தலின் நிறம் ‘கோல்டன்’. வாய்ப்பும் ‘கோல்டன்’. ஓட்டப்பந்தயத்தில் வாங்குவது ‘கோல்ட் மெடல்’, ஐம்பதாவது ஆண்டு ‘கோல்டன் ஜூபிலி’. பழைய ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைச் சொல்ல, மூலப்பொருளின் பெயரோடு ‘-என்’ விகுதி சேர்ப்பது அன்றைய வழக்கம். தங்கம், மரம், கம்பளி, ஈயம், பித்தளை, மண் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு பெயரடை இருந்தது. பிறகு பெயர்ச்சொல்லையே முன்னால் வைக்கும் பழக்கம் பெருகி அந்தப் பெயரடைகளைப் பொருள்வழக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேற்றியது. ‘சில்வர்ன்’, ‘லெதர்ன்’ போன்றவை ஏறக்குறைய மறைந்தே போயின. மறையாதவை குணத்தைச் சொல்லப் போய்விட்டன. ‘லெட் பைப்’ என்றால் ஈயக் குழாய். ‘லெடன் ஸ்கை’ என்றால் மூட்டம் போட்ட கனத்த வானம். ‘பிராஸ் லேம்ப்’ என்றால் பித்தளை விளக்கு. ‘பிரேசன் லை’ என்றால் வெட்கமில்லாமல் சொல்லும் பொய். ‘சில்க் சாரி’ பட்டுப்புடவை. ‘சில்க்கன் வாய்ஸ்’ பட்டுப் போன்ற குரல்.

மரம், கம்பளி போன்ற சில மட்டும் பழைய நிலையிலேயே நின்றுவிட்டன. இன்றைக்கும் மர மேசை ‘வுடன் டேபிள்’தான், கம்பளிச் சட்டை ‘வுல்லன்’தான். ஆனால் மரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘வுட் ஸ்டவ்’ என்பது விறகு அடுப்பு. ‘வுடன் ஸ்டவ்’ என்றால் மரத்தால் செய்த அடுப்பு. பற்றவைத்தால் அடுப்பே எரிந்துபோகும். பெயரடை ‘எதனால் ஆனது’ என்ற ஒரே உறவைப் பிடித்துக்கொண்டிருக்க, பெயர்ச்சொல் எந்த உறவுக்கும் இடம் கொடுக்கிறது. நம் ஊர்க் கடைத்தெருவில் தொங்கும் ‘கோல்ட் லோன்’ பலகையும் இப்படித்தான். நகையை வைத்து வாங்கும் கடன் என்று எல்லோருக்கும் புரிகிறது. அதையே ‘கோல்டன் லோன்’ என்று எழுதினால் வட்டி குறைந்த நல்ல கடன் என்ற விளம்பரமாகிவிடும்.

இங்கே தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாமும் தங்க வளையல் என்கிறோம், தங்கமான மனிதர் என்கிறோம். வளையலைத் ‘தங்கமான வளையல்’ என்று எந்தத் தட்டாரும் சொல்ல மாட்டார். இனத்துக்கு வெறும் பெயர், குணத்துக்கு ‘ஆன’ என்ற உணர்வு நம் நாக்கிலேயே இருக்கிறது. அந்த உணர்வை ஆங்கிலம் எழுதும்போதும் நம்பலாம். நம்பாமல் பெயரடையைத் தேடிப் போகும்போதுதான் பெரும்பாலும் சறுக்குகிறோம்.

அப்படியானால் ‘சோலார் எனர்ஜி’, ‘டென்டல் காலேஜ்’, ‘கார்டியாக் அரெஸ்ட்’ இவற்றுக்கு என்ன சொல்வது? இவற்றில் இனத்தைச் சொல்வது பெயரடைதானே? இதற்கு விடை ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலத்தின் சொந்தப் பெயர்ச்சொற்களோடு ‘-இ’ ஒலி சேர்த்துப் பிறந்த பெயரடைகள் எல்லாம் முன்பே குணத்துக்குப் போய்விட்டன. ‘சன்னி’ என்றால் வெயிலடிக்கிற, அல்லது மலர்ச்சியான. ‘ஹார்ட்டி’ என்றால் மனம் நிறைந்த. ‘ஸ்டோனி’ என்றால் கல் நிறைந்த, அல்லது இரக்கமற்ற. ‘ஃபிஷி’ என்றால் மீன் வாடை வீசுகிற, அல்லது சந்தேகத்துக்குரிய. இதய நோயை ‘ஹார்ட்டி’ என்றோ சூரிய சக்தியை ‘சன்னி’ என்றோ சொல்லவே முடியாது. ஆகவே, தொடர்பை மட்டும் சொல்ல ஒரு பெயரடை வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் நேரடியாக எடுத்துக்கொண்டதாலும் லத்தீன், கிரேக்கப் பெயரடைகள் குவிந்தன. சூரியனுக்கு ‘சோலார்’, நிலவுக்கு ‘லூனார்’, பல்லுக்கு ‘டென்டல்’, இதயத்துக்கு ‘கார்டியாக்’, நகரத்துக்கு ‘அர்பன்’. பெயர்ச்சொல் ஊர்ச் சொல்லாகவும் அதன் பெயரடை வெளிச் சொல்லாகவும் இருக்கும் விசித்திரம் இப்படி உண்டானது.

இவற்றுக்கு இடையே வேலைப் பங்கீடும் நடந்தது. வீட்டுக்குள் புழங்குவது சொந்தப் பெயர்ச்சொல்: ‘டூத்பேஸ்ட்’, ‘டூத்பிரஷ்’, ‘டூத்தேக்’. நிறுவனமும் தொழிலும் ஆகும்போது லத்தீன் பெயரடை: ‘டென்டல் சர்ஜன்’. நோயாளி ‘ஹார்ட் அட்டாக்’ என்பார், மருத்துவர் தன் குறிப்பில் வேறு சொல் எழுதுவார். ஆனால் இந்தப் பங்கீடு நிலையானது அல்ல. லண்டனில் 1805இல் தொடங்கிய புகழ்பெற்ற கண் மருத்துவமனை நெடுங்காலம் ‘ராயல் லண்டன் ஆஃப்தால்மிக் ஹாஸ்பிட்டல்’ என்ற பெயரில் இயங்கி, 20ஆம் நூற்றாண்டில் ‘மூர்ஃபீல்ட்ஸ் ஐ ஹாஸ்பிட்டல்’ ஆயிற்று. பெயரடை போய்ப் பெயர்ச்சொல் வந்தது. சென்னையில் நடந்தது நேர்மாறு. 1819இல் ‘மெட்ராஸ் ஐ இன்ஃபர்மரி’ என்று தொடங்கியது, பின்னால் எழும்பூரில் ‘கவர்ன்மென்ட் ஆஃப்தால்மிக் ஹாஸ்பிட்டல்’ ஆயிற்று. மக்கள் வாயில் அது இன்றும் கண் ஆஸ்பத்திரிதான். 1976இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையோ முதலிலிருந்தே ‘ஐ ஹாஸ்பிட்டல்’. நோயாளிக்குப் புரிய வேண்டிய பலகையில் பெயர்ச்சொல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். ‘ஆஃப்தால்மிக்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்குக்கூட அது கண்ணைப் பற்றியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இந்த லத்தீன் வரவுகள் வடிவத்தில் பெயரடையாக இருந்தாலும் நடத்தையில் பெயர்ச்சொல்லை ஒத்தவை. இரண்டு சிறு சோதனைகள் போதும். முதலாவது, முன்னால் ‘வெரி’ போட்டுப் பார்ப்பது. மிக அழகான வீடு என்பது சரி. ‘வெரி டென்டல் காலேஜ்’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, அடையை வாக்கியத்தின் பயனிலையாக்கிப் பார்ப்பது. வீடு அழகானது என்று சொல்லலாம்; ‘தி காலேஜ் இஸ் டென்டல்’ என்று சொல்ல முடியாது. பெயர்ச்சொல் அடைகளும் இந்த இரண்டு சோதனைகளிலும் இப்படியே தோற்கும். மொழியியலாளர் ஜூடித் லெவி 1978இல் வெளியிட்ட நூலில் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, இத்தகைய பெயரடைகளும் அடையாக வரும் பெயர்ச்சொற்களும் அடிப்படையில் ஒரே இனம் என்று வாதிட்டார். ‘ஆட்டம் பாம்’ என்றாலும் ‘அட்டாமிக் பாம்’ என்றாலும் அதே குண்டுதான் என்பதை நினைத்தால் அவருடைய வாதம் வலுவானதாகவே தெரிகிறது.

ஆனால் லெவியின் வாதத்தோடு நான் முழுதாக நிற்கவில்லை. ஒரு காலத்தில் ஒரே இனமாக இருப்பவை எப்போதும் ஒரே இனமாக நீடிப்பதில்லை. பெயரடையின் வடிவமே அதைக் குணத்தின் பக்கம் இழுக்கிறது. ‘நெர்வஸ் சிஸ்டம்’ என்ற தொடரில் ‘நெர்வஸ்’ நரம்பைக் குறிக்கும் பழைய பொருளோடு இன்னும் இருக்கிறது. அதே சொல்லை ஒரு மனிதருக்கு முன்னால் வைத்தால் பதற்றமானவர் என்றுதான் பொருள். அதனால்தான் ‘நெர்வ் செல்’ என்று பெயர்ச்சொல்லுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ‘மென்டல்’ இன்னும் வேதனையான எடுத்துக்காட்டு. மனம் சார்ந்த என்ற நடுநிலையான பொருளில் மருத்துவமனைகளின் பெயரில் இருந்த சொல், தமிழ்நாட்டுத் தெருவில் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் பேச்சுவழக்கில் அதற்குக் கிறுக்கு என்ற பொருள் ஏறியது. மனநலம் பற்றி எழுதுபவர்கள் ‘மென்டல் பேஷன்ட்’ என்பதைத் தவிர்த்து, ‘மென்டல் ஹெல்த்’ என்ற முழுத் தொடரையே அடையாகப் பயன்படுத்துவது சரியான முடிவு. அப்படி எழுதும்போது அந்தச் சொல் நலத்தோடு ஒட்டி நிற்கிறது, மனிதரின் மேல் ஏறுவதில்லை.

‘ஃபிசிக்கல்’ என்ற சொல்லின் வரலாறு இந்தச் சாய்வை ஆண்டுக் கணக்கோடு காட்டுகிறது. லண்டனில் 1874இல் தொடங்கிய இயற்பியலாளர் சங்கத்துக்கு ‘ஃபிசிக்கல் சொசைட்டி’ என்று பெயர். அமெரிக்காவில் 1893இல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழும் 1899இல் ‘அமெரிக்கன் ஃபிசிக்கல் சொசைட்டி’யும் வந்தன. இங்கிலாந்தில் 1900இல் ‘நேஷனல் ஃபிசிக்கல் லெபாரட்டரி’. விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் தொடங்கிய நிறுவனமும் ‘ஃபிசிக்கல் ரிசர்ச் லெபாரட்டரி’தான். இயற்பியல் சார்ந்த என்பதே இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் உள்ள பொருள். இன்றைக்கு ஒரு கல்லூரியில் புதிதாகத் துறை தொடங்குபவர் ‘ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்’ என்றுதான் பலகை மாட்டுவார். ‘ஃபிசிக்கல்’ என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது உடல். நம் பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியர். லண்டன் சங்கமே 1960இல் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபிசிக்ஸ்’ அமைப்போடு இணைந்தபின், பெயரில் பெயர்ச்சொல்லே நிலைத்தது.

பாடங்களின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆசிரியர், வகுப்பு, தேர்வு, புத்தகம் ஆகியவற்றுக்கு முன்னால் பாடத்தின் பெயர்ச்சொல்: ‘ஹிஸ்டரி டீச்சர்’, ‘கெமிஸ்ட்ரி லேப்’, ‘சயின்ஸ் எக்ஸாம்’. அந்தத் துறையின் தன்மையோ முறையோ ஏறியிருக்கும் பொருளுக்கு முன்னால் பெயரடை: ‘சயின்டிஃபிக் மெத்தட்’, ‘ஹிஸ்டாரிக்கல் நாவல்’, ‘மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்’. விஞ்ஞானக் கதையை ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்பதும் இதனால்தான். விஞ்ஞானத்தைப் பற்றிய கதை அது, விஞ்ஞான முறைப்படி எழுதப்பட்டது என்று அது உரிமை கோரவில்லை. ‘மெடிக்கல்’ விதிவிலக்கு போலத் தெரியும். மருத்துவ மாணவர் ‘மெடிக்கல் ஸ்டூடன்ட்’, ‘மெடிசின் ஸ்டூடன்ட்’ அல்ல. ‘மெடிக்கல்’ என்ற சொல்லில் புகழ்ச்சியோ இகழ்ச்சியோ ஏறாததால் இனம் சொல்லும் வேலையில் அது நிலைத்துவிட்டது. நாம் மருந்துக் கடையை ‘மெடிக்கல் ஷாப்’ என்பது மட்டும் இந்திய வழக்கு. இங்கிலாந்தில் அதை ‘கெமிஸ்ட்ஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஃபார்மசி’. இந்திய ஆங்கிலத்தில் அதைத் தவறு என்று திருத்த வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

‘-இக்’, ‘-இக்கல்’ என்று இரட்டையாக வரும் பெயரடைகள் தனிச் சிக்கல். ‘எக்கனாமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எக்கனாமிக்கல்’ சிக்கனமானது. ‘ஹிஸ்டாரிக்கல்’ வரலாறு சார்ந்தது, ‘ஹிஸ்டாரிக்’ வரலாற்றில் இடம்பிடிக்கக்கூடியது. முதல் இரட்டையில் குட்டைச் சொல் இனத்துக்கும் நெட்டைச் சொல் குணத்துக்கும் போக, இரண்டாவதில் தலைகீழாக நடந்திருக்கிறது. ஆகவே வடிவத்தைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. மின்சாரத்தில் மூன்று சொற்கள் சேர்ந்து நிற்கின்றன. ஓடுவது ‘எலெக்ட்ரிக் டிரெய்ன்’. படிப்பது ‘எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்’. கட்டணம் வாங்கியது 1957இல் அமைந்த ‘டமில்நாடு எலெக்ட்ரிசிட்டி போர்டு’. மின்சாரத்தால் இயங்குவதற்கு முதல் சொல்லும், மின்துறை சார்ந்ததற்கு இரண்டாவதும், விற்று வாங்கும் சரக்காக மின்சாரத்தைப் பார்க்கும்போது பெயர்ச்சொல்லும் வருவது பொதுப் போக்கு. போக்கு என்றுதான் சொல்ல முடியும், விதி என்று சொல்வதற்கில்லை.

பெயரடையில் புகழ்ச்சி ஏறுகிறது என்பதை மொழியியலாரைவிடக் கூர்மையாக உணர்ந்தவர்கள் அமெரிக்க அரசியல்வாதிகள். அங்கே ஒரு பெரிய கட்சியின் அதிகாரபூர்வப் பெயர் ‘டெமாக்ரட்டிக் பார்ட்டி’. எதிர்க்கட்சியான ரிபப்ளிகன்களில் பலர் நெடுங்காலமாக அதை ‘டெமாக்ரட் பார்ட்டி’ என்று சொல்லிவருகிறார்கள். 1950களில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அப்படிப் பேசினார். 1976 துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் பாப் டோல், அந்த நூற்றாண்டின் போர்களை ‘டெமாக்ரட்’ போர்கள் என்று குறிப்பிட்டுக் கண்டனத்துக்கு ஆளானார். 2007 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டு அமர்வில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அப்போதுதான் பெரும்பான்மை பெற்றிருந்த அந்தக் கட்சியை வாழ்த்தும்போதும் பெயர்ச்சொல்லையே உச்சரித்தார். அவருக்கு எழுதிக் கொடுத்த உரையில் பெயரடைதான் இருந்தது. வாழ்த்து வாழ்த்தாகச் சேரவில்லை, மனத்தாங்கலே மிஞ்சியது. ‘டெமாக்ரட்டிக்’ என்றால் ஜனநாயகத் தன்மை உள்ளது என்ற நற்சான்று அதில் ஒளிந்திருக்கிறது. பெயர்ச்சொல்லை வைத்தால் அந்தச் சான்று பறிபோய், உறுப்பினர்களின் கூட்டம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மற்றக் கட்சியைத் திருப்பி இப்படிச் சீண்ட முடியாது. ‘ரிபப்ளிகன்’ என்பது பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் ஒரே வடிவம்.

ஊர்ப் பெயர்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஐரோப்பியப் பழநகரங்கள் சிலவற்றுக்கே ஆங்கிலத்தில் பெயரடை உண்டு. சென்னைக்கும் மதுரைக்கும் கிடையாது, ஆகவே ‘சென்னை டிராஃபிக்’ என்று பெயர்ச்சொல்லையே வைக்கிறோம். நாட்டுப் பெயர்களில் பெயரடையே வழக்கு என்றாலும், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘இந்தியா ஆபிஸ்’ போல, அந்த நாட்டோடு தொழில் செய்த, அதை ஆண்ட அமைப்புகள் பெயர்ச்சொல்லைத் தாங்கின. கறுப்பு மை ஒன்றை ஆங்கிலேயர் ‘இந்தியன் இங்க்’ என்றும் அமெரிக்கர் ‘இந்தியா இங்க்’ என்றும் சொல்வது வெறும் வழக்கு வேறுபாடு.

இதுவரை பெயர்ச்சொல்லின் பக்கமே பேசினேன். அதன் குறையையும் சொல்ல வேண்டும், அது சிறிய குறை அல்ல. பெயர்ச்சொல் எல்லா உறவுக்கும் இடம் கொடுக்கிறது என்றேன். அதாவது எந்த உறவையும் அது சொல்வதில்லை. ‘சைல்டு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘சைல்டு லேபர்’ என்றால் குழந்தை செய்யும் வேலை. ‘சைல்டு அப்யூஸ்’ என்றால் குழந்தைக்கு இழைக்கும் கொடுமை. ‘சைல்டு வெல்ஃபேர்’ குழந்தைக்காகச் செய்யும் நலப்பணி. ‘சைல்டு சைக்காலஜி’ குழந்தையைப் பற்றிய உளவியல். ‘சைல்டு பிராடிஜி’ என்றால் குழந்தையே அந்த மேதை. ‘டிரக் அப்யூஸ்’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்னால் வரும் சொல் ஒன்றாகவே இருந்தும் உறவு மாறுவது தெரியும். குழந்தை துன்புறுகிறது; மருந்து துன்புறுவதில்லை, தவறாகப் பயன்படுகிறது. இவற்றில் எதையும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. உலகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வைத்தே புரிந்துகொள்கிறோம்.

இந்த உறவுகளை எண்ணிப் பட்டியலிடப் பலர் முயன்றார்கள். 1960இல் ராபர்ட் லீஸ் மாற்றிலக்கண முறையில் இந்தத் தொடர்களை வாக்கியங்களிலிருந்து வருவிக்க முயன்றார். காரணமாதல், உடைமை, ஆக்குதல், பயன்படுத்துதல், அதுவாகவே இருத்தல், இடம், நோக்கம், பிறப்பிடம், பேசுபொருள் என்று ஒன்பது உறவுகளே போதும் என்றார் லெவி. அதற்கு ஓராண்டு முன்பே, 1977இல், பமேலா டவுனிங் இத்தகைய பட்டியல்களின் எல்லையைக் காட்டிவிட்டார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. உணவு மேசையில் எந்த இருக்கைக்கு முன்னால் ஆப்பிள் சாறு வைக்கப்பட்டிருந்ததோ அந்த இருக்கை ‘ஆப்பிள் ஜூஸ் சீட்’. அந்த அறையில் அந்த நேரத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் அது விளங்கும், எந்தப் பட்டியலிலும் அடங்காது.

தமிழ் இலக்கண மரபு இதே இடத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது. தொல்காப்பியர் தொகைகளை ஆறாகப் பகுத்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு படி மேலே போய், தொகைத்தொடர் ஒன்றே இரண்டு முதல் ஏழு பொருள் வரை விரியக்கூடும் என்று சூத்திரமே செய்தார். உரைகாரர்கள் காட்டும் ‘மரவேலி’யைப் பாருங்கள். மரத்தைக் காக்கும் வேலியா, மரத்துக்கு இட்ட வேலியா, மரத்தால் செய்த வேலியா, மரமே வேலியாக நிற்பதா? ‘பொன்மணி’யும் அப்படித்தான்: பொன்னால் ஆகிய மணியும் ஆகும், பொன்னும் மணியும் ஆகும். உறவுகள் எத்தனை என்று எண்ணுவதோடு, ஒரே தொடரில் அவை மயங்கும் என்பதையே விதியாக்கிய கண்ணோட்டம் அது. ஆங்கிலத் தொகைகளை ஆராய்பவர்கள் சம்ஸ்கிருத இலக்கணத்திலிருந்து ‘பகுவிரீகி’ என்ற சொல்லை எடுத்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். அது நம் அன்மொழித்தொகை. நன்னூலின் இந்தச் சூத்திரமும் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

பேச்சில் இந்த மயக்கத்தைக் குரலின் அழுத்தம் ஓரளவு தீர்க்கிறது. ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்பதில் முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலப் பாட ஆசிரியர். இரண்டாவதையும் அழுத்தினால் இங்கிலாந்து நாட்டு ஆசிரியர். எழுத்தில் அந்த உதவி இல்லை. அப்படியிருக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ச்சொற்களை அடுக்கினால் படிப்பவர் கதி என்ன? அலுவலக நடையில் ஒரு தலைப்பை அமைத்துப் பார்க்கிறேன்: ‘வில்லேஜ் டிரிங்கிங் வாட்டர் சப்ளை ஸ்கீம் பிராக்ரஸ் ரிவ்யூ மீட்டிங்’. எட்டுச் சொற்கள், அவற்றை இணைக்கும் இடைச்சொல் ஒன்றுகூட இல்லை. கடைசிச் சொல் வரும்வரை பேச்சு கிராமத்தைப் பற்றியதா, தண்ணீரைப் பற்றியதா, திட்டத்தைப் பற்றியதா என்று தெரியாது. கடைசியில் அது ஒரு கூட்டம். பின்னாலிருந்து முன்னால் வந்து, ‘கிராமங்களுக்குக் குடிநீர் வழங்கும் திட்டத்தின் முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் கூட்டம்’ என்று படிப்பவரே அவிழ்த்துக்கொள்ள வேண்டும். இடையிடையே ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘டு’ போட்டு எழுதியவரே அவிழ்த்துத் தந்திருக்கலாம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்காக 1948இல் ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ எழுதிய சர் எர்னஸ்ட் கவர்ஸ் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தவர்களில் ஒருவர். கண்டனம் பலிக்கவில்லை. டக்ளஸ் பைபரும் பெத்தனி கிரேயும் பெரும் சொற்றொகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வுகள், 20ஆம் நூற்றாண்டில் செய்தித்தாளிலும் அறிவியல் எழுத்திலும் பெயர்ச்சொல் அடைகள் வெகுவாகப் பெருகியதைக் காட்டுகின்றன. இடம் மிச்சப்படுவது பத்திரிகைக்கு லாபம், துறைக்குள் இருப்பவருக்கு வேகம். வெளியிலிருந்து படிக்க வருபவருக்கு அது சுமை. இரண்டு பெயர்ச்சொற்கள் வரை தாங்கும். மூன்றாவது வரும்போதே ஓர் இடைச்சொல்லைத் தேட வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

என் கருத்துக்கு எதிராக நிற்கும் சான்றுகளும் உண்டு. சில பெயர்ச்சொற்களும் குணத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ‘குவாலிட்டி எஜுகேஷன்’ என்று நம் மேடைகளில் முழங்கும்போது தரம் என்ற பெயர்ச்சொல் தரமான என்ற பொருளைத் தருகிறது. ‘ஃபன்’, ‘கீ’ இரண்டும் ‘வெரி’யை ஏற்கும் அளவுக்குப் போய்விட்டன. ஆனால் இவை சில சொற்களே, சாய்ந்த பிறகு இவையும் பெயரடையாகவே நடக்கின்றன. ஆகவே பொதுப் போக்கு இவற்றால் மாறிவிடவில்லை.

ஒருமை, பன்மை பற்றி ஒரு வார்த்தை. அடையாகும் பெயர்ச்சொல் ஒருமையில் நிற்பது வழக்கம்: ‘ஷூ ஷாப்’, ‘டென் ருபீ நோட்’. நம்மவர் ‘டென் ருபீஸ் நோட்’ என்பது இந்த வழக்கம் தெரியாததால். ‘ஸ்போர்ட்ஸ் டே’, ‘சேவிங்ஸ் பேங்க்’, ‘கூட்ஸ் டிரெய்ன்’ ஆகியவற்றில் பன்மையே சொல்லாகிவிட்டதால் அது அப்படியே நிற்கிறது.

ஆங்கில ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இதைத்தான். பெயருக்கு முன்னால் வருவதெல்லாம் பெயரடை என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். தங்க வளையலையும் தங்கமான மனிதரையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதே பிரிவு ஆங்கிலத்திலும் உண்டு என்று காட்டுங்கள். முதலில் பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பொருளில் நிலைபெற்ற பெயரடை இருக்கிறதா என்று அதன் பிறகு அகராதியைத் திறக்கச் சொல்லுங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியின் வழிவந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியில், பெயருக்கு முன்னால் மட்டுமே வரும் பெயரடைகளுக்குத் தனிக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். இனம் சொல்லும் பெயரடைகள் பெரும்பாலும் அந்தக் குறிப்போடுதான் இருக்கும். உங்கள் பள்ளி நூலகத்தில் அந்த அகராதி இல்லையென்றால் அடுத்த கல்வியாண்டுப் பட்டியலில் அதைச் சேருங்கள்.